முன் சீட்டில் மட்டும் பேசுபவன்

என் ஆள் எக்கார்ட் வீட்டில் பேசமாட்டான். ஊமை என்று நினைத்துவிடாதீர்கள். முன்பின் தெரியாத ஒருவரின் காரில், முன் சீட்டில் உட்கார வைத்துப் பாருங்கள். ஹானோவர் வரும்வரை அந்த வாய் மூடாது.

குளியலறைகளுக்கு ஓடு பதிப்பது அவன் தொழில். முழங்கால் இரண்டும் காய்த்துப்போயிருக்கும். முதல் மனைவி பேர்பலும் மகள் இல்காவும் ஹானோவரில் இருக்கிறார்கள். மகளுக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பி, வாடகையும் அடுப்புக்கரியும் போனபிறகு ரயில் ஏற வழியிருக்காது. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரொட்டியில் ஈரல் பசை தடவிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, ஊர் எல்லையில் இருக்கும் டிரைலிண்டன் சோதனைச்சாவடியில் போய் லிஃப்ட் கேட்டு நிற்பான். மேற்கு பெர்லினில் கையில் காசில்லாத எல்லோரும் ஊரைவிட்டு வெளியே போவது அப்படித்தான்.

நானும் கூடப் போவேன். முதல் மனைவி இருக்கும் ஊருக்கு அவனைத் தனியாக அனுப்ப நான் என்ன அசடா? தவிர, தனி ஆணுக்கு யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. பக்கத்தில் ஒரு பெண் நின்றால் ஓட்டுகிறவர்களுக்குப் பயம் தெளிந்துவிடும். அந்த வகையில் நான் அவனுக்கு உபயோகம்.

ஓசியில் போகிறவர்களுக்குப் பேச்சுதான் டிக்கெட். முன்னால் உட்காருபவர் ஓட்டுபவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது எக்கார்டின் பொறுப்பு. வாரம் முழுக்க ரொட்டிக்கடையில் பல்லைக் காட்டி ஓய்ந்த நான், பின் சீட்டில் கோட்டால் தலையை மூடிக்கொண்டு படுத்துவிடுவேன். முதல் நாள் கண்ணை மூடியதுமே அவன் பேச்சு காதில் விழுந்தது. அதற்கப்புறம் தூக்கம் எங்கே வரும்?

லைனே ஆற்றில் மூழ்கிப்போன தம்பியைப் பற்றி ஒரு காய்கறி வியாபாரியிடம் சொன்னான். பேர்பலோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் ஒப்பித்தான். எங்கள் கடைக்கு இரண்டு வாரம் தினமும் வந்து, தனக்குப் பிடிக்கவே பிடிக்காத கசகசா ரொட்டியை வாங்கிப்போனது என் முகத்தைப் பார்க்கத்தான் என்று ஒரு டயர் விற்பவனிடம் சொன்னான். டயர் விற்பவனிடம்! மூன்று வருடமாக அவன் சட்டையைத் துவைக்கும் என்னிடம் "உப்பு எங்க?" என்பதைத் தாண்டி வந்ததில்லை. வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். எனக்கு அந்த டயர்காரன்மேல் வந்த பொறாமை, பேர்பல்மேல்கூட அதுவரை வந்ததில்லை.

பிறகு அந்த மார்ச் மாத ஞாயிறு. பச்சை வால்வோ. ஓட்டியவள் பிரவுன்ஷ்வைக் ஊர் கால்நடை மருத்துவர், கலகலவென்று சிரிப்பவள். எங்கள் அடையாள அட்டைகளை வாங்கி எல்லைக்காரரிடம் சேர்த்து நீட்டும்போதே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஹானோவர் போகக் கிழக்கு ஜெர்மனியைக் கடந்தாக வேண்டும்; அந்தச் சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, நினைத்த இடத்தில் நிறுத்தக்கூடாது, நடுவில் யாரையும் ஏற்றக்கூடாது, இறக்கவும் கூடாது. அவர்கள் பேச்சைக் கடைசிவரை கேட்டுத் தீர்க்க வேண்டியதுதான்.

"செப்டம்பர்ல பொண்ணு பள்ளிக்கூடம் போறா," என்றான் எக்கார்ட். "ஹானோவர்லயே வேலை தேடிக்கிட்டுப் போயிடலாமான்னு யோசிக்கிறேன்."

"பின்னாடி தூங்குறவங்க என்ன சொல்றாங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

கேட்டால்தானே சொல்ல! கோட்டுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். என்னை விட்டுவிட்டு அந்த ஊருக்கே போகப்போகிறான். அது முதலில் தெரிவது ஒரு மாட்டு வைத்தியச்சிக்கு. அன்று விலங்குக் காட்சிசாலையில் இல்கா என் கையைப் பிடித்து இழுத்தபோதுகூடச் சிரிக்க வரவில்லை.

அடுத்த முறை புறப்படும்போது தலைவலி என்றேன். எக்கார்ட் வாசலில் திரும்பிப் பார்த்தான்.

"வரலையா?"

"வரல."

போய்விட்டான். தனியாக நிற்பவனை யார் ஏற்றுவார்கள் என்று சந்தோஷப்பட்டேன். உடனே, கலகலவென்று சிரிக்கும் ஒருத்தி ஏற்றிக்கொண்டு போனால் என்றும் தோன்றியது. அவள் பக்கத்து முன் சீட்டில் அவன். பின்னால் நான்கூட இல்லை. ஒரு நிமிடம் இருப்புக்கொள்ளவில்லை. என்னிடம் லைசென்ஸ் உண்டு, கார்தான் கிடையாது. கடையில் கூட வேலை செய்யும் மார்லீஸின் ஓப்பல் காரைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு விரட்டினேன்.

டிரைலிண்டனில் அவன் வரிசையில் ஏழாவதாக நின்றான். முதலில் வந்தவருக்கு முதல் கார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். நான் ஆறு பேரைத் தாண்டிப் போய் அவன் முன்னால் நிறுத்தினேன்.

"ஏம்மா, காலையிலேர்ந்து நிக்கிற நாங்கல்லாம் கண்ணுக்குத் தெரியலையா?" என்று ஒரு தாடிக்காரன் கத்தினான்.

"அது என் ஆளுப்பா!" என்று நானும் கத்தினேன்.

எக்கார்ட் 'ஹானோவர்' என்று எழுதிய அட்டையை மடித்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினான். தலைவலி போச்சா என்று கேட்கவில்லை. எல்லையைத் தாண்டினோம். இருபது கிலோமீட்டர் போயும் ஒரு சொல் இல்லை.

"டிக்கெட் எங்க? பேசு!" என்றேன். "நான் யாரோன்னு நெனச்சுக்கோ. கால்நடை டாக்டர்னு நெனச்சுக்கோ!"

அவன் மடித்த அட்டையை மறுபடி மடித்தான்.

"ஹானோவர்ல வேலை தேடுறியாமே?"

"ஆமா."

"அந்தம்மாகிட்ட சொல்ல வாய் வந்துச்சு. எங்கிட்ட வரலையா?"

"உங்கிட்டதான் சொன்னேன்."

"பொய் சொல்லாத. நான் பின்னாடி தூங்கிக்கிட்டிருந்தேன்!"

"ரோஸ்விதா, வீட்டுல நீ தூங்கினா மாடிவீட்டுக்காரர் தரையைத் தட்டுறார். மூணு வருஷத்துல கார்ல ஒரு தடவையாவது குறட்டை விட்டிருக்கியா?"

காய்கறி வியாபாரி, ஆசிரியர், டயர்காரன், எல்லோரும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள்.

"மூஞ்சியப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது," என்றான். "பின்னாடி நீ கேட்டுக்கிட்டிருப்பேன்னு தெரியும். அதான் சத்தமா சொன்னேன். ரெண்டு வாரமா பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கேன், நீ தலைவலிங்கிற."

அந்தச் சாலையில் நிறுத்தி அழக்கூட முடியாது. முகத்தைத் திருப்பாமல், அவன் முகத்தைப் பார்க்காமல், முன்கண்ணாடியைப் பார்த்தே கேட்டேன்.

"அங்க ரொட்டிக்கடையில ஆள் எடுப்பாங்களா?"