கல்லுக்குள் இருந்த கால்

புஷ்பவல்லி ஒரு கல்லை வெளிச்சத்தில் பிடித்தால் அதிலுள்ள குறை அவள் கண்ணுக்குத் தப்பாது. மலேசியாவின் கிள்ளான் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. ராசிக்கல் மோதிரக் கடையின் பின்னறையில், சாணைச் சக்கரத்தின் முன்னால் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். ரேகையோ கரும்புள்ளியோ இருந்தால் அது தோஷம். உடம்பில் படுகிற கல்லில் தோஷம் இருக்கக் கூடாது. வந்தவரை ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். தேய்த்து எடுத்துவிட்டுத்தான் கொடுப்பாள். கல் சிறுத்துப் போச்சே என்று யாராவது முணுமுணுத்தால், "உங்க நல்லதுக்குத்தான் லா" என்பாள். அதற்கு மேல் யாரும் வாயைத் திறந்ததில்லை.

அந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், சனி நேரம் சரியில்லை என்று அவள் கணவன் ஜெயராஜுக்கு நீலக்கல் மோதிரம் போட்டார்கள். கல்லைத் தீட்டியது அவளேதான். ஓரத்தில் மயிரிழை போல ஒரு ரேகை தெரிந்தது. இது என்ன செய்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டாள். நாற்பதாம் நாள் தெலுக் பங்லிமா காராங் சாலையில் லோரி கவிழ்ந்து ஜெயராஜ் போய்ச் சேர்ந்தான். ரேகைக்கும் லோரிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களும் நானும் கேட்கலாம். மகள் விஷ்ணுப்ரியாவும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். புஷ்பவல்லியிடம் அது எடுபடாது. தன் அலட்சியத்தால்தான் அவன் செத்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

போன மார்ச்சில் ஜா செங் கடைக்கு வந்தாள். மியன்மாரின் வடக்கிலிருந்து வந்து, பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவுகிற பெண். முப்பது வயது இருக்கும். அவள் கொண்டு வந்தது ஆம்பர், அதாவது ஆதிகாலத்து மரப்பிசின் மண்ணுக்குள் இறுகிக் கல்லானது. கொட்டைப்பாக்கு அளவு, மேலெல்லாம் பழுப்பு ஓடு. அவள் ஊரில் அதற்காக ஆழக் குழி தோண்டுகிறார்கள். அவள் அண்ணன் அப்படி ஒரு குழியில் இறங்கினான். குழி சரிந்தது. உடம்பைக்கூட எடுக்க முடியவில்லை. அதற்கு முதல் நாள் அவன் தோண்டியெடுத்த கல் இது. உள்ளே ஒரு பறவையின் கால் இருப்பதை டார்ச் அடித்துக் காட்டி, இந்தப் பறவை இப்போது உலகத்தில் எங்கேயும் கிடையாது என்று பெருமையாகச் சொல்லித் தங்கையிடம் கொடுத்திருந்தான். ஊரை விட்டு ஓடி வந்தபோது அவனுடைய படம் ஒன்றுகூட அவள் கைக்குச் சிக்கவில்லை. இந்தக் கல் மட்டும்தான் மிச்சம். ஓட்டைத் தேய்த்து, அந்தக் கால் நன்றாகத் தெரிகிற மாதிரி கழுத்தில் போட வேண்டும் என்றுதான் அவள் கேட்டாள்.

இதையெல்லாம் அவள் சொன்னது கடை முதலாளி சுகுமாறனிடம். அவர் ஒரு காதில் கைப்பேசியை வைத்துக்கொண்டு மறு காதால் கேட்டார். காகித உறையில் 'கழுத்துக்கு, பாலிஷ்' என்று மட்டும் எழுதிப் பின்னறைக்கு அனுப்பினார்.

புஷ்பவல்லி ஓட்டைத் தேய்த்ததும் சாம்பிராணி வாசம் போல ஒன்று எழுந்தது. கல் தேன் நிறத்தில் தெளிந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. உள்ளே ஒரு கால். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். கறுப்பு நகங்கள், செதில் செதிலாகத் தோல், ஓரத்தில் மெல்லிய இறகு. ஒரு விரல் மட்டும் மற்றதையெல்லாம் விட ரொம்ப நீளம். காக்கைக் குஞ்சின் கால் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. சனியின் வாகனம். எந்த அப்பாவிப் பெண்ணோ தெரியாமல் இதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளப் போகிறாளே!

ஜெயராஜின் மோதிரம் கண்ணுக்குள் வந்து நின்றது. இந்த முறை விட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிட்டாள். மிருதுவான கல், சீக்கிரம் கரைந்தது. நகம் போயிற்று, விரல் போயிற்று, இறகும் போயிற்று. கால்மணி நேரம்கூட ஆகவில்லை. புளியங்கொட்டை அளவில் பளிச்சென்று ஒரு கல் மிஞ்சியது. அன்றைக்கு அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் மத்தியானம் ஜா செங் வந்தபோது, நல்லது செய்த பூரிப்பில் புஷ்பவல்லியே முன்னால் வந்து கல்லை நீட்டினாள். ஜா செங் அதைத் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். மறுபடியும் திருப்பினாள்.

"அக்கா, கால் எங்கே?" என்று மலாயில் கேட்டாள்.

"அது ஆகாதும்மா. எடுத்துட்டேன். இப்ப பயப்படாம போடலாம்," என்று புஷ்பவல்லியும் மலாயிலேயே சொன்னாள்.

சுகுமாறன் பதறி எழுந்தார். "ஐயோ அக்கா, அந்தக் காலுக்காகத்தானே கொண்டு வந்தாங்க! அவங்க அண்ணன் தோண்டின கல்லு அது. மறுநாளே குழி மூடிச் செத்துட்டாரு." அப்போதுதான் புஷ்பவல்லிக்கு முழு விஷயமும் தெரிந்தது.

பின்னறைக்கு ஓடினாள். சக்கரத்தின் அடித்தட்டு காலியாக இருந்தது. தேய்த்த சேற்றைக் காலையில்தான், தினமும் செய்கிற மாதிரி, சாக்கடையில் கொட்டிக் கழுவி வைத்திருந்தாள். வெறுங்கையோடு திரும்பி வந்து நின்றாள். "மன்னிச்சிடும்மா" என்றாள்.

ஜா செங் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஓடு மூடியிருந்ததால நான் அதை நல்லாப் பார்த்ததே இல்ல. டார்ச் வெளிச்சத்தில ஒரு நிழல்தான் தெரியும். நீங்க பார்த்தீங்கல்ல? எப்படி இருந்துச்சு, சொல்லுங்க."

அந்தக் காலைத் தெளிவாகப் பார்த்த ஒரே ஆள் புஷ்பவல்லிதான். அரைகுறை மலாயில் சொல்லத் தொடங்கினாள். நகம் கறுப்பு. ஒரு விரல் நீளம். ஓரத்தில் இறகு.

"இறகு என்ன நிறம்?"

புஷ்பவல்லி கண்ணை மூடி யோசித்தாள். நிறம் வரவில்லை. எத்தனை விரல் என்பதும் வரவில்லை. பத்து விநாடி பார்த்திருப்பாள், அதுவும் பயத்தோடு.

"தெரியலம்மா," என்று அழுதாள். "நான் சரியாப் பாக்கல."

ஜா செங் கல்லை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். "இதுல என் அண்ணன் இல்ல. நீங்களே வச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனாள்.

அந்தக் கல் இப்போது புஷ்பவல்லியின் மேசை டிராயரில், ஜெயராஜின் மோதிரத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அதில் ஒரு குறையும் இல்லை.