மொட்டை மாடியில் வளைந்த விண்கலம்

தப்பு செய்தது நான். பழியை என் மனைவியின் தம்பிமேல் போட்டேன்.

தொண்ணூறுகளில் சிங்காநல்லூர் வீட்டில் நானும் அவனும் ஆள் நீளத்துக்கு ஒரு மாதிரி விண்கலம் செய்தோம். எங்கள் சொந்தக் கற்பனை. உடம்புக்கு பிவிசி குழாய், அதன்மேல் வெட்டி ஒட்டிய பிளாஸ்டிக் தகடு, எஞ்சின் வாய்களுக்கு மில்லில் கழித்துப்போட்ட, நூல் சுற்றும் கூம்புகளான கோன்கள். கோன்களை யோசித்தது அவன்தான். அளவுகள் என்னுடையவை, இன்றும் அவற்றில் யாரும் பிழை சொல்ல முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயிண்ட் சீக்கிரம் காயட்டுமென்று, இரண்டு ஸ்டூல்களின்மேல் கலத்தை மாடி வெயிலில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். எழுந்து பார்த்தால் சூட்டில் குழாய் இளகி, நடுவில் தொட்டில்போலத் தொய்ந்து கிடந்தது. சாயங்காலம் அதைப் பார்க்கவென்றே வந்த சொந்தக்காரர்களிடம், "இவன் சரியா ஒட்டலைங்க" என்றேன்.

"மச்சான் சொன்னா சரிதானுங்க" என்றான். அதன்பின் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

பொங்கலுக்கு உடுமலைப்பேட்டையில் மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, கலத்தை வெயிலில் வைத்தது நான்தான் என்று சொன்னேன்.

"அன்னைக்கே தெரியுமுங்க. மாப்பிள்ளைய எதுத்துப் பேசக்கூடாதுன்னு உட்டுப்போட்டேன்" என்றான் அவன். பிறகு ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அத்தன அளவெடுத்தவரு வெயிலையும் கொஞ்சம் அளந்திருக்கலாமுங்க."

அடுத்த ஞாயிறு வந்தான். நான் புதுக் குழாய் வாங்கி வைத்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தான். "நீங்க செய்யுங்க மச்சான், நான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றான்.

ஞாயிறுதோறும் வந்தான், பேசினான், சிரித்தான். கலம் இம்மி பிசகாமல் நேராக வந்தது. ஆனால் முடியும்வரை அவன் அதில் கை வைக்கவில்லை.