கத்திரி வெயிலில் எழும்பிய பலகைகள்

என் வீட்டுக்காரர் துபாயில் பங்களாக்களுக்குப் பலகைத் தளம் போடுகிறவர். நீச்சல் குளத்தைச் சுற்றி, தோட்டத்து நடுவில், மாடியில் என்று எங்கே கேட்டாலும் போட்டுக் கொடுப்பார். ஊரான் வீட்டு மாடியையெல்லாம் அழகு பண்ணுகிற மனுஷன், திருவொற்றியூரில் எங்கள் மொட்டை மாடிக்கு ஏறியதெல்லாம் லீவில் வரும்போது டிவி ஆண்டெனாவைத் திருப்பத்தான்.

கல்யாணமான வருஷமே போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், ஒரு மாசம் இருப்பார். எங்களுக்குக் குழந்தை இல்லை. டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்பவர்களிடம், அதற்கு இரண்டு பேரும் ஒரே ஊரில் இருக்க வேண்டுமே என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. நான் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்தால் வீட்டில் பேசுவதற்கு டிவிதான். அதுவும் அதுபாட்டுக்குப் பேசும், நான் சொல்வதைக் கேட்காது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் வரை வாயே திறக்காமல் இருந்துவிட்டு, பால்காரரிடம் பேசும்போது என் குரலே எனக்குப் புதிதாக இருக்கும்.

வெள்ளிக்கிழமைதான் அவருக்கு விடுமுறை, அன்றைக்குத்தான் போன் வரும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, "இன்னாம்மே, நம்ம மாடியில குந்துறியா நீ?" என்று கேட்டார்.

"அங்க எவ குந்துவா? பொழுது சாஞ்சாலும் தரை கொதிக்குது."

ஏதோ ஒரு பங்களாவில் வேலை முடிந்து பலகை மிச்சமாம். முதலாளி எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டாராம். கப்பலில் போட்டு அனுப்புகிறேன் என்றார். "மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செஞ்ச பலகைம்மே. கரையான் தின்னாது, மழையில ஊறாது. கீழ இரும்புச் சட்டம் குடுத்துத் தூக்கிப் போட்டா சூடு மேல ஏறாது. இங்க எனக்கும் போதும்னு ஆயிடுச்சி. ஒரேயடியா வந்துரலாம்னு பாக்கறேன். வந்தா காத்தாட குந்த ஒரு எடம் வோணும்ல?"

ஒரேயடியாக வந்துவிடலாம் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. போனை வைத்த பிறகு ரசத்துக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்றே தெரியவில்லை. இரண்டு தடவை போட்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை செல்போனோடு மாடிக்குப் போனேன். அவர் அங்கிருந்து சொல்லச் சொல்ல, நான் கோலமாவால் தரையில் கோடு இழுத்தேன். தெற்கு மூலையிலிருந்து ஆரம்பி என்றார்.

"அங்க தண்ணி டேங்க் கீதே."

"டேங்க்கா? அது எப்போ கட்னே?"

"நீ போன தபா போனியே, அதுக்கப்பறம்."

டேங்க்கின் நீள அகலம் கேட்டார். பிறகு கணக்கை மாற்றினார். கடல் பக்கம் பார்த்தாற்போல் உட்காரும் இடம், முதுகுக்குச் சாய்மானம், கைப்பிடிச் சுவர் ஓரமாகப் பூத்தொட்டிக்கு இடம். மணலிப் பக்கத்து ஆலைக் கரி வந்து விழாத மாதிரி மேற்கில் ஒரு தட்டி. நான் மாவுக் கோட்டுக்குள்ளே போய் நின்று பார்த்தேன். இரண்டு பேர் தாராளமாகக் காலை நீட்டிப் படுக்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரி அவள் மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். "இன்னாக்கா, மொட்ட மாடியில கோலம் போட்டுகினு கீற?"

"என் வூட்டுக்காரு வந்தா குந்தறதுக்குடி."

"அவரு வரதுக்கு முன்னாடியே எடம் போட்டாச்சா?" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நானும் சிரித்து வைத்தேன்.

பலகை வந்து இறங்கிய அன்று தெருவே தட்டிப் பார்த்தது. பார்க்க மரம், தட்டினால் பிளாஸ்டிக் பக்கெட் சத்தம். எங்கள் பக்கத்து ஆசாரிகள் இரண்டு பேர் தூக்கிப் பார்த்துவிட்டு, இது மரமே இல்லை, நமக்கு வேண்டாம் என்று போய்விட்டார்கள். கடைசியில் என்னோடு காலர் தைக்கிறவளின் மாமா வந்தார். காசிமேட்டில் விசைப்படகு கட்டுகிற ஆசாரி அவர். "தளம்தானே? நான் போடாத தளமா?" என்றார்.

வீட்டுக்காரர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. வெயிலில் இந்தப் பலகை உப்பும், நீளும். அதனால் பலகைக்குப் பலகை சந்து விட வேண்டும். அதைச் சொன்னதும் ஆசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா பேசற? என் தளத்துல ஒரு சொட்டுத் தண்ணி கீழ எறங்கினா மறாநாள் எவன் என்னியக் கூப்புடுவான்?"

"இது வூடுங்க, படகு இல்ல."

"வூட்டுல மட்டும் மழ பேயாதா?"

உடனே போனை எடுத்தேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் சைட்டில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை. ஆசாரி பலகைகளை நெருக்கி, மரச்சுத்தியால் தட்டித் தட்டி, சுவருக்குச் சுவர் இறுக்கிவிட்டார். அப்படியும் மனசு கேட்காமல், மயிரிழை தெரிந்த இடத்திலெல்லாம் பஞ்சு திணித்து, படகுக்கு ஊற்றுகிற குங்கிலியத்தைக் காய்ச்சி ஊற்றினார். மாடி முழுக்கப் படகுத்துறை வாசனை. உண்மையைச் சொன்னால், பார்க்க அத்தனை அழகாக இருந்தது. வெள்ளிக்கிழமை வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. சந்து விடவில்லை என்று போனில் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் இங்கே கேட்டது.

கத்திரி வெயில் ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேலே படார் என்றது. ஓடிப் போய்ப் பார்த்தால், நடுத்தளம் ஆமை முதுகு மாதிரி எழும்பி நிற்கிறது. திருகாணிகள் பிடுங்கிக்கொண்டு கிடந்தன. ஆசாரி வந்து பார்த்து, "மரமா இருந்தா இப்பிடிப் பண்ணாது" என்று பலகையைத் திட்டிவிட்டுப் போனார்.

நான் போனில் அழுதுவிட்டேன். பலகைக்காக இல்லை, இடமே இல்லாமல் போனால் இவர் எதற்கு வருவார் என்றுதான். அவர், "எவனையும் தொட வுடாத. நானே வந்து போட்றேன்" என்றார்.

சுனாமி வந்தபோது, நீ மாடிக்கு ஏறிட்டியா ஏறிட்டியா என்று போனில் கதறினார், லீவு கிடைக்கவில்லை. எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோதும் கிடைக்கவில்லை. பலகைக்குக் கிடைத்தது. எனக்கு அதில் கோபம் வரவில்லை. எதற்காகவோ வந்தால் சரி என்றிருந்தது.

வந்தார். வந்த மறுநாளே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே போய்விட்டார். எல்லாப் பலகையையும் கழற்றி, குங்கிலியத்தைச் சுரண்டி, ஓரம் அறுத்து, நடுவே ஓர் ஆணியைச் செருகி அந்த அளவுக்குச் சந்து விட்டு மறுபடி போட்டார். நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுத் திருகாணி எடுத்துக் கொடுத்தேன். தலைக்கு மேலே ஆள் நடமாடும் சத்தம் கேட்டுக்கொண்டே சமைப்பது எப்படி இருக்கும் என்பதை அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். டிவியைப் போடவே இல்லை.

சமையலறைக்கு வந்தால் மட்டும் விருந்தாளி மாதிரி நிற்பார். டம்ளர் எங்கே என்று கேட்பார். நான் சர்க்கரை இல்லாமல் டீ குடிப்பதைப் பார்த்து, எப்போதிலிருந்து என்றார். ரொம்ப நாளாயிற்று என்றேன். பலகையைத் தடவிப் பார்த்தே எந்தப் பக்கம் வளையும் என்று சொல்லிவிடுவார். என்னிடம் வந்தால் எல்லாவற்றையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பரவாயில்லை, ஒரேயடியாக வந்துவிடலாம் என்றவர்தானே, லீவு முடிந்தாலும் இங்கேதான் இருப்பார், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வேலை முடிந்த சாயங்காலம் இரண்டு பேரும் அதில் உட்கார்ந்தோம். கடல் காற்று நன்றாக வந்தது. தரை சுடவில்லை. அவர் பலகையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, "இனிமே அசையாது" என்றார்.

"நீயும்தான?" என்றேன்.

கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பெரிய சைட்டு ஒண்ணு வந்துருக்கும்மே. அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாங்க. இன்னும் ரெண்டு வருஷம். அதுக்கப்பறம் பாக்கலாம்."

"அப்ப இது யாருக்கு?"

"ஒனக்குத்தான். வேலக்கிப் போயிட்டு வந்து காத்தாட குந்து."

"ஒருத்தி குந்தறதுக்கு இம்மாம் பெருசா?"

அவர் கிண்டலுக்குச் சொல்கிறவர் இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "பலக மீந்துச்சில்ல."

அதன் பிறகு நான் அங்கே அவ்வளவாக உட்காரவில்லை. ஓர் ஓரமாக உட்கார்ந்தால் மீதி இடம் கண்ணில் படும். துணி மடிக்க வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் கத்திரி ஆரம்பித்ததும், விடுமுறை நாளில் மத்தியானச் சாப்பாடு முடிந்தால் மாடிக்குப் போவேன். வெயிலில் குனிந்து ஒவ்வொரு பலகையாகத் தடவிப் பார்ப்பேன். ஒன்றாவது எழும்பியிருந்தால் போன் பண்ணலாம். அந்த வருஷம் வெயில் ரொம்பக் கடுமை. பலகைகள் நன்றாக உப்பின, சந்துகள் எல்லாம் மூடிக்கொண்டன. ஆனால் ஒன்றுகூட எழும்பவில்லை. அத்தனை சரியாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.