தங்கச்சி வீட்டு அலங்கார பல்பு

என் தங்கச்சிக்கு வாய்த்தவர் பாக்டரியில் கணக்கு எழுதும் கிளாக்கர். எனக்கு வாய்த்தவர் தேயிலைச் செடியின் கிளையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஹட்டன் பக்கம் இரண்டு பேருக்கும் ஒரே தோட்டம்தான். ஆனால் அவளுடைய குவார்ட்டர்ஸில் கரண்டு இருந்தது, எங்கள் வரிசை வீட்டு லயத்தில் குப்பி விளக்கு. அதுகூடப் பரவாயில்லை. கிறிஸ்மஸ் வந்தால் வாசலில் சிவப்பும் பச்சையுமாக பல்பு மாலை தொங்கவிடுவாள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரியும். பட்டிப்பொலப் பக்கம் அண்ணனோடு இருந்த அப்பா பண்டிகைக்கு ரயிலேறி வந்து, நேரே அவள் வீட்டுக்குத்தான் போவார். மூத்தவள் நான் கோழி அடித்துக் குழம்பு வைத்துக் காத்திருப்பேன். மறுநாள்தான் தலையைக் காட்டுவார்.

"அங்க லைட்டெல்லாம் ஜெகஜோதியா இருக்கு புள்ள, பாத்துக்கிட்டே இருந்துட்டேன்" என்பார்.

எண்பதுகளில் ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. நீர்த்தேக்கங்கள் வற்றியதால் கரண்டை மிச்சம் பிடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பண்டிகைக்கு அலங்கார பல்பு எரியக் கூடாது, மீறினால் தண்டம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அதை எங்களுக்கும் சேர்த்து வாசித்தார். கரண்டே இல்லாத லயத்துக்கு எதற்கு இந்தச் சட்டம் என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டு நின்றேன். நல்லா வேணும் அவளுக்கு!

இந்த வருஷம் என் வீட்டில்தான் கிறிஸ்மஸ் என்று அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். மூங்கில் பிளந்து, கலர் தாள் ஒட்டி, நானே நட்சத்திரக் கூடு கட்டினேன். உள்ளே மெழுகுவர்த்தி. அதற்குச் சட்டம் எதுவும் இல்லையே.

பொழுது சாய வந்தார். கூட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"நீயா கட்டுன? கண்ணு பட்டுரும் போல இருக்கே."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சோறு போட்டேன். நாலு வாய் சாப்பிட்டிருப்பார், மேட்டில் தங்கச்சி வீடு இருக்கும் பக்கம் திரும்பினார்.

"அங்க வாசலே இருட்டா கெடக்கே."

"சட்டம்ப்பா. நானா போட்டேன்?"

"பாவம், சின்னவ. வெளிச்சத்துலயே இருந்து பழகிட்டா." கையைக் கழுவினார். "உனக்கு இருட்டு பழக்கந்தானே ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே என் கூட்டைக் கழற்றினார். மெழுகுவர்த்தி அணையாமல் துண்டால் மறைத்தபடி மேடேறிப் போனார்.

அவளைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது எனக்கு. அவள் கேட்கக்கூட இல்லை. அந்த வருஷமும் அவள் வாசலில்தான் வெளிச்சம்.