குழாயக்கா வாங்கிய வண்டி

மலையிலிருந்து ஊருக்கு வரும் தண்ணீர்க் குழாயை நாள் தவறாமல் பார்த்து வருவதுதான் அவள் வேலை. எங்கே ஒழுகுகிறது, எங்கே பாறை உருண்டு விழுந்திருக்கிறது என்று பதினோரு கிலோமீட்டர் போய்ப் பார்த்து எழுத வேண்டும். அதனால் எல்லோருக்கும் அவள் குழாயக்கா. மழை பெய்துவிட்டால் அவளுடைய ஸ்கூட்டர் சேற்றைக் கண்ட எருமை மாதிரி படுத்துக்கொள்ளும். மூன்றாவது தடவை விழுந்து முழங்கைத் தோல் பெயர்ந்தபோது, சேற்றிலும் மேட்டிலும் ஓட்டவென்றே செய்த டர்ட் பைக் ஒன்றைப் பழையதாக வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தாள்.

விளம்பரம் பார்த்து, தையல்காரரான கணவனைக் கூட்டிக்கொண்டு போனாள். விற்றவள் ஒரு பெண். வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்தி வண்டியை நிறுத்தியிருந்தாள். உயரமான வண்டி. டயரெல்லாம் கட்டை கட்டையாகப் பற்கள். கிளட்ச் பிடி மட்டும் வளைந்திருந்தது. குழாயக்கா உதைத்தாள், இரண்டாவது உதையில் கிளம்பிவிட்டது.

“சத்தம் நம்ம மெஷின் மாதிரியே இருக்கு. நல்ல வண்டிதான்” என்றான் கணவன், தனக்குத் தெரிந்த ஒரே மெஷினை வைத்து.

விலை அடிமாட்டு விலையாக இருந்ததுதான் அவளை உறுத்தியது.

“யார் ஓட்டுன வண்டிங்க?”

“எங்க வீட்டுக்காரர். வண்டிலருந்து விழுந்து ஆஸ்பத்திரில இருக்கார்.”

“விக்கிறது அவருக்குத் தெரியுமா?”

“வண்டி என் பேர்லதான் இருக்குக்கா.”

கேட்டது ஒன்று, வந்த பதில் வேறொன்று. குழாயக்காவுக்குப் புரிந்தது. புரிந்தும் புரியாதவள் மாதிரி பணத்தைக் கொடுத்து, விற்பனைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

வண்டி ஆடு மாதிரி மேடேறியது. வேலை மதியத்துக்குள் முடிந்தது. ஐந்து வாரம் நிம்மதியாகப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கக்கத்தில் ஊன்றுகோலோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

“அந்த வண்டி என்னோடதும்மா. வீட்டுக்கு வந்து பாத்தா தார்ப்பாய்தான் கிடக்குது. பணத்தத் திருப்பித் தரேன், கொடுத்துடு.”

“உள்ள வாங்கண்ணா, உட்காருங்க.”

அவர் உட்காரவில்லை. வண்டியிடம் போனார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது காலில் நின்று வலது காலால் உதைக்கப் பார்த்தார். இடது கால் தாங்கவில்லை. மறுபடியும் முயன்றார். முகம் வெளுத்து வியர்த்துவிட்டது. கணவன் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தான்.

“டாக்டர் என்னண்ணா சொன்னாங்க?”

“ரெண்டு தடவை தகடு வெச்சாச்சு. இனி விழுந்தா கால எடுக்கணுமாம்.”

“அப்பவும் ஓட்டுவீங்களா?”

அவர் கை வண்டியின் பிடியை விடவில்லை.

“தரமாட்டேண்ணா” என்றாள் குழாயக்கா. அவர் காலுக்காகச் சொன்னாளா, தன் பிழைப்புக்காகச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் சண்டை போடவில்லை. “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். அது அவளுக்கா, தன் மனைவிக்கா என்று சொல்லாமலே படியிறங்கிப் போனார்.

சாயங்காலம் வண்டியை விற்ற அந்தப் பெண்ணே போன் செய்தாள்.

“கொடுத்துடலையேக்கா?”

“இல்ல.”

“ரொம்ப நல்லது. என்கூட அவர் பேசறதே இல்லக்கா. தட்டு வெச்சா, நான் அந்தப் பக்கம் போனப்புறம்தான் கை வெக்கிறார்.”

“சரியாயிடும்மா” என்றாள் குழாயக்கா. சொல்லும்போதே அதில் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

“நீ செஞ்சது சரிதான்” என்றான் கணவன், நூலைப் பல்லால் கடித்தபடி.

“சரிதான். ஆனா சாப்பாடு இறங்க மாட்டேங்குதே.”

மறுநாள் மழை. ஏழாவது கிலோமீட்டரில் ஓர் இணைப்பு ஒழுகியது. எழுதி வைத்துவிட்டு, கீழே வந்ததும், வீட்டுக்காரர் இன்றாவது பேசினாரா என்று கேட்க அந்தப் பெண்ணின் எண்ணை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.