உருமாறி சகாயநாதன்

சகாயநாதனின் முகத்தைப் பார்த்து அவர் மனசில் ஓடுவதைக் கண்டுபிடித்தவர்கள் உப்பளம் பேட்டையில் யாரும் கிடையாது. சந்தோஷம், துக்கம் எல்லாம் அந்த முகத்துக்கு ஒன்றுதான். கல்யாணத்தன்று கோயில் வாசலில் நின்றபோது, மாப்பிள்ளைக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லையோ என்று பெண் வீட்டார் கிசுகிசுத்தார்களாம். அவர் மனைவி லூர்துசெல்வி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு மட்டும், அவர் சோறு பிசைகிற வேகத்தை வைத்தே எல்லாம் தெரிந்துவிடும்.

அப்பா மில் தொழிலாளி. மகனையும் மில்லில் சேர்த்துவிடத்தான் நினைத்தார், நடக்கவில்லை. ஊருக்கு வெளியே சேதராப்பட்டில் பிளாஸ்டிக் குடமும் வாளியும் செய்கிற கம்பெனி ஒன்று வந்தபோது சகாயநாதனுக்கு அங்கே வாட்ச்மேன் வேலை கிடைத்தது. வேலை முடிந்து போகிறவர்களின் சாப்பாட்டுப் பையைச் சோதித்து அனுப்ப வேண்டும். பையைச் சோதிக்கிறவனை யாருக்குப் பிடிக்கும்? ஆனால் அவர் யார் பையையும் தொட்டதில்லை. "நீயே தொறந்து காட்டுப்பா" என்பார். அதனால் தொழிலாளிகளுக்கு அவரிடம் ஒரு மரியாதை இருந்தது. அங்கே மிஷின் ஓட்டிய கண்ணையன், மனைவி அஞ்சலாட்சியோடு அவருக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் போவார்கள், ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள்.

எண்பத்தாறில் பங்குக் கோயிலில், ஏசு பாடுபட்டு உயிர்த்ததைச் சொல்லும் பாஸ்கா நாடகம் போட்டார்கள். கல்லறைக்குக் காவல் நிற்கும் சேவகன் வேஷம் சகாயநாதனுக்கு. ஒரு வரி வசனம் கிடையாது. நாடகம் முடிந்ததும் சென்னையிலிருந்து வந்திருந்த டைரக்டர் ஒருவர் மேடைக்குப் பின்னால் தேடிக்கொண்டு வந்தார்.

"மூஞ்சியில ஒரு அசைவு இல்லாம எப்படி சார் அவ்வளவு நேரம் நின்னீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. எம் மூஞ்சியே அப்படித்தான்."

டைரக்டர் டிவிக்காக ஒரு தொடர் எடுக்கப்போவதாகச் சொன்னார். வானத்தில் மிதக்கும் ஒரு நிலையம். அங்கே வேறு கிரகத்திலிருந்து வந்த காவல் அதிகாரி ஒருவன். நினைத்த உருவத்தை எடுப்பான். நாற்காலியாகவோ தண்ணீர்ப் பீப்பாயாகவோ மாறி, சதிகாரர்கள் பேசுவதையெல்லாம் கேட்டுவிட்டு, சொந்த உருவத்தில் எழுந்து நிற்பான். அந்தச் சொந்த உருவத்துக்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

கம்பெனியின் பர்சனல் ஆபீசர் தெய்வசிகாமணி தாராளமாக லீவு கொடுத்தார். "கம்பெனிக்கும் பேருதானே, போய்ட்டு வாங்க" என்றார். சென்னையில் தகரக் கொட்டகை ஒன்றில் படப்பிடிப்பு. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ரப்பரைப் பசை போட்டு ஒட்டுவார்கள். சாயங்காலம் பிய்க்கும்போது சொந்தத் தோலே கையோடு வருவதுபோல எரியும். உருமாறுவது மட்டும் சுலபமாக இருந்தது. அசையாமல் நிற்கச் சொல்வார்கள். பிறகு அவரை நகரச் சொல்லிவிட்டு அதே இடத்தில் நாற்காலியைப் போடுவார்கள். "இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார்.

மறு வருஷம் சனிக்கிழமை சாயங்காலங்களில் தொடர் வர ஆரம்பித்தது. தெருப் பிள்ளைகள் அவரைக் கண்டால், "உருமாறி! உருமாறி!" என்று பின்னாலேயே ஓடினார்கள். கம்பெனி கேட்டில், "இன்னா சகாயம், இன்னிக்கு பக்கெட்டா மாறலியா?" என்று கேலி பேசினார்கள். அவருக்கும் உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது.

சகாயநாதன் வீட்டில் டிவி கிடையாது. லூர்துசெல்வி வீட்டில் துணி தைப்பவள். தெய்வசிகாமணியின் மனைவி செல்வாம்பாள் அவளிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பாள். "உன் வீட்டுக்காரரு வர்ற நாடகத்த நீ பாக்காம யாரு பாக்கறது? எங்க வீட்டுக்கு வந்துடு" என்று கூப்பிட்டாள். அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் லூர்துசெல்வி அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கணவனைப் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் வேலை பார்த்த வீராயிக்கு விபத்து நடந்தது. குடம் வார்க்கிற அச்சு மிஷினில் கை மாட்டி அவளுக்கு இரண்டு விரல்கள் நசுங்கிப்போயின. அஜாக்கிரதையாக இருந்தாள் என்று கம்பெனி அவளையே வேலையை விட்டு நிறுத்தியது. கண்ணையனால் பொறுக்க முடியவில்லை. சங்கம் வைக்கலாம் என்று சிலரிடம் பேசினார். கூட்டத்தைச் சனிக்கிழமை சாயங்காலம் தன் வீட்டிலேயே வைத்தார்.

"உன் நாடகம் ஓடறப்ப தெருவுல ஈ காக்கா இருக்காது. நீயும் வந்துடு சகாயம். வாட்ச்மேனும் தொழிலாளிதான்" என்றார்.

சகாயநாதன் போனார். அதிகம் பேசவில்லை. கை தூக்கச் சொன்னபோது கை தூக்கினார்.

திங்கட்கிழமை காலை தெய்வசிகாமணியே கேட்டுக்கு வந்து நின்றார். கண்ணையன், அவரோடு கூட்டத்தில் முன்னால் நின்ற இன்னும் இரண்டு பேர், மூவரையும் உள்ளே விடக்கூடாது என்றார். சகாயநாதன் தன்னோடு அதே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரை வெளியே நிறுத்திக் கேட்டைச் சாத்தினார். தெய்வசிகாமணி எல்லார் எதிரிலும் அவர் தோளில் தட்டி, "நம்ம டிவி ஸ்டாரு பாத்துக்குவாரு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கண்ணையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நீதானா சகாயம்?"

"நான் இல்ல கண்ணையா. சத்தியமா நான் இல்ல."

கண்ணையன் வெகுநேரம் அந்த முகத்தையே பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. "அவன் எங்க நாற்காலியா உக்காந்திருந்தான்னு கேளு!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். தைத்துக்கொண்டிருந்த லூர்துசெல்வியின் கால் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டது.

"யாரு சொல்லியிருப்பான்னே தெரியல" என்றார் அவர்.

"நான்தாங்க" என்றாள்.

அவருக்கு முதலில் புரியவில்லை.

"சனிக்கிழமை டிவி பாக்கறப்ப அந்தம்மா கேட்டாங்க, உன் வீட்டுக்காரரு ஏன் வரலன்னு. கண்ணையன் அண்ணன் வீட்ல கூட்டம், இன்னார் இன்னார் வந்திருக்காங்க, அங்க போயிருக்காருன்னு சொல்லிட்டேன். பெருமைக்குத்தாங்க சொன்னேன். டிவில வர்றவரு, நாலு பேருக்கு வேண்டியவரா இருக்காருன்னு... மாதாவே, நான் இன்னா பண்ணிட்டேன்!"

எழுந்து, அப்போதே கண்ணையன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவதாகக் கிளம்பினாள். அவர் வாசலை மறித்து நின்றார்.

"வேணாம். சொன்னா அஞ்சலாட்சி உன்ன சும்மா விடமாட்டா. நாளைக்கு நீ இந்தத் தெருவுல நடக்கணும், தண்ணி புடிக்கணும். எம் மேலயே இருக்கட்டும்."

அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரா, தன் வீட்டிலிருந்துதான் விஷயம் போயிற்று என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டாரா என்பது அவருக்கே தெளிவாகத் தெரியாது.

வேலைநிறுத்தம் தொடங்கியது. தொடர் முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ரப்பர் முகம் ஊர் முழுக்க ஒளிந்திருந்து ஒட்டுக் கேட்டது. சகாயநாதன் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு அடங்கியது. கம்பெனி மதிலில் கரியால் 'உருமாறி' என்று எழுதினார்கள். அதற்குக் கீழேயே அவர் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டியிருந்தது.

ஒருநாள் தெய்வசிகாமணி அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். "வெளியில இன்னா பேசிக்கிறாங்கன்னு காதுல விழுந்தா சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாத வேலையா?"

"எனக்கு கேட்டுல நிக்கறதுதாங்க வேலை" என்றார் சகாயநாதன். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தே வெளியே வந்தார். கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த தொழிலாளிகளிடம் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். அங்கே உட்கார இடம் கொடுப்பார்கள் என்று நினைத்தார்.

"அடுத்த வேஷமா?" என்றார் கண்ணையன். சகாயநாதன் உப்பளத்துக்குப் பஸ் ஏறினார்.

கடைசியில் சமரசம் ஆயிற்று. வீராயிக்கு லேசான வேலை கொடுத்து மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். கண்ணையனையும் அந்த இரண்டு பேரையும் சேர்க்கவே இல்லை. கண்ணையன் பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். சகாயநாதனுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் காவல் வேலை கிடைத்தது.

லூர்துசெல்வி இளைத்துப்போனாள். செல்வாம்பாளின் துணிகளைத் தைக்காமலேயே திருப்பி அனுப்பினாள். ஒருநாள் புருஷனைக் கேட்காமல், தெருக் குழாயடியில் அஞ்சலாட்சியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அஞ்சலாட்சி திட்டவில்லை. குடம் நிறைகிற வரைக்கும் கேட்டுவிட்டு, "புருஷன் பண்ணத உம் மேல போட்டுக்கற. நல்ல பொண்டாட்டிதான் நீ" என்று சொல்லிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று அன்று முழுக்க அழுதாள் லூர்துசெல்வி.

எண்பத்தொன்பது டிசம்பரில் மார்க்கெட்டுக்குப் போன சகாயநாதன், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் கண்ணையனுக்கு நேர் எதிரே போய் நின்றுவிட்டார். ஒதுங்கப் பார்த்தார். கண்ணையன்தான் கூப்பிட்டார்.

"தங்கச்சி எப்படி இருக்குது?"

"இருக்குது."

"அது சொன்னது நெசமா?"

"நெசம்தான் கண்ணையா."

"அப்ப அன்னைக்கே நீ ஏன் சொல்லல?"

கண்ணையன் தலைத்துண்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நம்பணும்னுதான் இருக்குது. ஆனா ரெண்டு வருசமா உன்னத் திட்டியே காலத்த ஓட்டிட்டேன். இப்ப விடுன்னா எப்படி விடறது, சொல்லு?" என்றார். யாரோ அதட்டிக் கூப்பிட, மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கண்ணையனைப் பார்த்ததாகச் சொன்னார்.

"பேசினாரா?"

"உன்ன விசாரிச்சாரு."

முன்பெல்லாம் கிறிஸ்மஸுக்கு முதல் தட்டுப் பலகாரம் அந்த வீட்டுக்குத்தான் போகும்.

"இந்த வருசம் கொண்டு போகட்டுமா?"



"கொண்டு போ. வாங்கிக்கலன்னா ஒண்ணும் பேசாம திரும்பி வந்துடு" என்றார்.