மகதலேனாக்காவின் முட்டிக்கு ஒரு நேர்ச்சை

ஒருத்தர் முட்டியை இன்னொருத்தர் எடுத்துச் சாமிக்கு நேர்ந்துவிடலாமா? நான் கேட்கிறேன், நீங்களே சொல்லுங்கள். மலாய் நாட்டில், எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நேர்ந்துவிட்டார்கள். அதில் தப்பு இருப்பதாக ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு மகதலேனாக்காவுக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில், முப்பத்தோராம் வருஷத்துச் சங்கதி. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அக்காவின் வீட்டுக்காரர் ஸ்டானிஸ்லாஸ் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் பிரிகிற இடத்தில் வண்டியை வழி மாற்றிவிடுகிற வேலை. அக்கா மேட்டின் மேல் ஒரு துரை பங்களாவில் வேலை பார்த்தார். அங்கே முழுக்கப் பலகைத் தரை. தினமும் முட்டி போட்டு, துணியில் மெழுகைத் தொட்டு, மூலைக்கு மூலை தேய்க்க வேண்டும். துரைசானிக்குத் தரையில் தன் முகம் தெரிய வேண்டுமாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்காவுக்கு இதே பிழைப்பு. ஒருநாள் தேய்த்து முடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. பங்களாவின் சீனச் சமையல்காரர்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அன்று சாயங்காலம் வலது முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கிக் கிடந்தது.

வைத்தியம் சொல்ல எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஆளுக்கா பஞ்சம்? அக்காவின் நாத்தனார் கெர்ட்ரூட், எருக்கிலையை வாட்டிக் கட்டு என்றார். கட்டினதில் தோல் கொப்பளித்ததுதான் மிச்சம். கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க்காரர் கிராமத்திலிருந்து, ஒரு அம்மாள் வந்து இஞ்சி எண்ணெய் போட்டு உருவிவிட்டார். நல்ல கைதான். ஆனால் அந்தச் சுகம் அடுத்த முறை தரை தேய்க்கிற வரைக்கும்தான் நின்றது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைக்கார டாக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்து இங்கிலீஷில் சொன்னதை, காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரஸ்ஸர் ராதாகிருஷ்ணன் தமிழில் சொன்னார்.

"உள்ள தேஞ்சு போச்சும்மா. வார்டுல படுக்கப் போட்டு, தொடையிலேருந்து கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு போடலாம். ரெண்டு மாசம் அசையக் கூடாது. வலி குறையும். ஆனா கட்டைப் பிரிச்ச பிறகு கால் பழையபடி மடங்கும்னு உறுதி சொல்ல முடியாதுங்கறார்."

"கட்டு வேணாம்னா?" என்று அக்கா கேட்டார்.

"தடவறதுக்கு மருந்து தரோம். முட்டி போடற வேலையை மட்டும் விட்டுடுங்க."

வழி நெடுக அக்கா அதையே பேசிக்கொண்டு வந்தார். மடங்காத காலோடு அம்மிக்கு முன்னால் எப்படி உட்காருவது? கக்கூஸுக்கு எப்படிப் போவது? பங்களா மேட்டை எப்படி ஏறுவது? "வலிச்சாலும் மடங்குற காலாச்சே, அதை எப்படிப் பிள்ளை விடுறது?" என்று என்னிடம் கேட்டார்.

கடைசியில் பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் ஒரு சீன வைத்தியரிடம் போனோம். பங்களா சமையல்காரர் சொன்ன ஆள். கிழவர் எதையோ அரைத்து, சூடு காட்டி, கறுப்பாகத் துணியில் அப்பி முட்டியைச் சுற்றிக் கட்டினார். வாராவாரம் வந்து கட்டு மாற்ற வேண்டும் என்று கடைத்தெருவில் எல்லாரும் பேசுகிற பாசார் மலாயில் சொன்னார். பிறகு தன் முட்டியைத் தட்டிக் காட்டி, தரையையும் காட்டி, "இது இனிமேல் அதைத் தொடக் கூடாது. தொட்டால் என்னிடம் வராதே" என்றார். பூரணமாகக் குணமாகும் என்று அவர் சொல்லவே இல்லை. அதனாலேயே அக்காவுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. மறுநாளே துரைசானியிடம் போய், தரை தேய்க்க முடியாது, நின்றுகொண்டு துணி தேய்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். துரைசானி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

இத்தனையும் அக்கா தானே யோசித்து, தானே முடிவெடுத்துச் செய்தது. வீட்டுக்காரர் என்ன செய்தார்? நேர்ந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளில் எழுந்து நின்று, கோயில் முழுக்கக் கேட்கும்படி நேர்ந்துகொண்டாராம். பெண்டாட்டியின் முட்டி குணமானால், திருநாளன்று அவள் கையில் மெழுகுவத்தியோடு கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் முட்டியாலேயே நடந்து வருவாளாம்! முட்டி வலிக்கு முட்டியால் நடக்கிற நேர்ச்சை! வயிற்று வலிக்காரனுக்குக் குணமானால் விருந்து வைப்பது போல அல்லவா இருக்கிறது? அதையும் அக்காவிடம் அவர் சொல்லவில்லை. குழாயடியில் கெர்ட்ரூட் சொல்லித்தான் அக்காவுக்கே தெரியும்.

ஸ்டானிஸ்லாஸ் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், பூசை தவற மாட்டார். நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். எனக்கு ஆத்திரமே அதனால்தான். கெட்டவனாக இருந்தால் அக்கா பக்கம் நாலு பேராவது பேசியிருப்பார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் வீக்கம் வடிந்தது. அக்கா லேசாகத் தாங்கித் தாங்கி நடந்தார், ஆனால் நடந்தார். உடனே ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. அந்தோணியார் கண் திறந்துவிட்டார், நேர்ச்சையை முடிக்க வேண்டாமா? எனக்கும் அந்தோணியார்மேல் பக்திதான். நாங்கள் இந்துக்கள் என்றாலும் செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுவத்தி கொண்டு போகிறவள்தான் நான். அவர்மேல் குற்றமே இல்லை. அவர் பேரைச் சொல்லிக் கேட்டவர்களைத்தான் சொல்கிறேன்.

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும்.

"திருநாள் வருது. ரெடியா இரு."

"முட்டி போட்டா கால் போயிடும்னு வைத்தியர் சொல்லியிருக்காருங்க."

"அவன் சீனன். அவனுக்கு நம்ம சாமியைப் பத்தி என்ன தெரியும்?"

"அவருக்கு என் முட்டியைப் பத்தித் தெரியுங்க."

"நான் வாக்குக் குடுத்திருக்கேன் மகதலேனா!"

"என்னைக் கேட்டா குடுத்தீங்க?"

அதற்குப் பதில் கெர்ட்ரூட்டிடமிருந்துதான் வந்தது. குடும்பத்துக்கு ஏதாவது ஆனால் மகதலேனாதான் பொறுப்பு என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். அந்த மாதம் யாருக்கோ காய்ச்சல் வந்ததற்கும் அக்காதான் காரணம், கெர்ட்ரூட்டின் கோழி செத்ததற்கும் அக்காதான் காரணம். அக்கா குழாயடிக்கு வந்தால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அக்கா சிமெண்டுத் தரையில் முட்டியால் போனால் கால் போகும். போகாவிட்டால் இந்த வரிசையில் அவரால் தலை நிமிர முடியாது. அந்த வாரங்களில் அக்கா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

திருநாளன்று நானும் போயிருந்தேன். வாசலில் கெர்ட்ரூட் மெழுகுவத்தியைக் கொளுத்தி அக்காவின் கையில் திணித்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது. அக்கா கொஞ்ச நேரம் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தார். காலால் நடந்தார். முணுமுணுப்பு ரெண்டு பக்கமும் கூடவே போனது. அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவத்தியை வைத்துவிட்டு, முன் வரிசைக்குக் கேட்கும்படியே சொன்னார்.

"குணமாக்கினது நீங்கன்னா, குடுத்ததைத் திருப்பிக் கேக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

ஸ்டானிஸ்லாஸுக்கு முகம் செத்துவிட்டது. அவமானமோ, சாமி பயமோ, அவரே வாசலில் முட்டி போட்டார். பாதிக் கோயில் வரைக்கும் வந்தார். வேர்த்துக் கொட்டியது. இன்னும் கொஞ்சம் நகர்ந்து அப்படியே சாய்ந்துவிட்டார். ஆண்கள் ஓடி வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். கெர்ட்ரூட் ஒப்பாரியே வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்த கூத்துதான் எனக்குத் தாங்கவில்லை. வரிசை முழுக்க அந்த வீட்டுக்குப் படையெடுத்தது. ஒருத்தர் எண்ணெய், ஒருத்தர் கோழி ரசம், ஒருத்தர் இலவம்பஞ்சுத் தலையணை. கோயில் உபதேசியார் வந்து, எப்பேர்ப்பட்ட பக்தி என்று கண்ணீர் விட்டார். ஒரே ஒருநாள் முட்டி போட்டவருக்கு இத்தனை உபசாரம்! காலமெல்லாம் முட்டி போட்டு அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டவர், வந்தவர்களுக்கெல்லாம் நின்றபடியே காப்பி ஆற்றிக் கொடுத்தார். ஒருத்தராவது "நீ உட்காரு மகதலேனா" என்று சொல்ல வேண்டுமே!

நான் கஞ்சி கொண்டு போன சாயங்காலம், ஸ்டானிஸ்லாஸ் ரெண்டு காலையும் தலையணைமேல் நீட்டிப் படுத்திருந்தார். கெர்ட்ரூட் ஆரம்பித்தார். "பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கா. கீழ உக்காந்து கொஞ்சம் தேய்ச்சு விடக் கூடாதா?"

ஸ்டானிஸ்லாஸ் தன் அக்கா கெர்ட்ரூட்டைப் பார்த்து, சும்மா இரு என்று கையைக் காட்டினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பிறகு மகதலேனாக்கா பக்கம் திரும்பினார்.

"உனக்கும் இப்படித்தான் வலிச்சுதா?"

அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை.

"இல்லீங்க. இவ்வளவுதான் வலிச்சுதுன்னா அன்னைக்கு எனக்கு நல்ல நாளு. வேலைக்குப் போயிட்டு வந்து, உங்களுக்குச் சோறாக்கிப் போட்டிருப்பேன்."